முட்டைக்கோஸும் மூன்று விரலும்

பெரியவனுக்கு இடது கையில் மூன்று விரல் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. போன வாரம் ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தபோது அவன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியைத்தான் திட்டினான்.

வீட்டில் மூன்று ஆண்களுக்கும் ஒரே இரும்புக் கிடங்கில் வேலை. உயரத்தில் கிரேன் கூண்டுக்குள் சின்னவன். கீழே தகடுகளுக்குச் சங்கிலி மாட்டுவது பெரியவன். இரண்டு பேருக்கும் நடுவில், கயிற்றில் தொங்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடித்துச் சைகை கொடுப்பது அவர்களுடைய அப்பா. கிடங்கில் அவரை மணிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூண்டிலிருந்து பார்த்தால் அடுக்கிய இரும்புதான் தெரியும், ஆள் தெரியாது. ஒரு அடி அடித்தால் நிறுத்த வேண்டும். இரண்டு அடித்தால் தூக்க வேண்டும். மூன்று அடித்தால் இறக்க வேண்டும். உயிர் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அன்றைக்கு மெல்ல இறங்கிக்கொண்டிருந்த சங்கிலி கோணியிருந்தது. நேராக்கப் பெரியவன் கையை உள்ளே விட்டான். நிறுத்தச் சொல்லி அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். சுத்தியல் விழுந்தது. சங்கிலி நிற்கவில்லை. விறைத்துக்கொண்டு மேலே போனது.

இரண்டு அடி கேட்டது என்று சின்னவன் சொன்னான். ஒன்றுதான் அடித்தேன் என்று மணிக்காரர் சொன்னார். பக்கத்தில் இரும்பு அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு அடி பிசகாத மனிதர் அவர். எல்லோரும் அவரையே நம்பினார்கள்.

நம்புவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சின்னவன் கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணின் வீட்டுக்குப் பெரியவன் போய், என் தம்பி குடிகாரன், அவனுக்குப் பெண்ணைக் கொடுத்து ஏமாறாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அது தெரிந்த அன்றைக்குச் சின்னவன் கேன்டீனில் இருபது பேர் முன்னால் எழுந்து நின்று, ஒரு நாள் உன் கையை முறிக்கிறேன்டா என்றான். அண்ணனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. மூன்றாம் நாள் கை போனது.

இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் கிடங்கின் குமாஸ்தா வீட்டுக்கு வருகிறார். பெரியவன் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்து வாங்குவார். தம்பி வேண்டுமென்றேதான் செய்தான் என்று பெரியவன் சொல்லிவிட்டால் அந்தக் காகிதம் போலீஸுக்குப் போகும். சொல்லத்தான் போகிறேன் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இப்போது மணி இரண்டு.

அண்ணி, பெரியவனின் மனைவி, சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, ஒரு முட்டைக்கோஸ், இரண்டு வெங்காயம், ஒரு பாக்கெட் பட்டை நூடுல்ஸ் என்று அடுப்பு மேடையில் எடுத்து வைத்தாள். கூலி நின்றுபோன வீட்டில் நாலு வயிற்றை நிரப்ப இதைவிட மலிவாக வேறு எதுவும் இல்லை. நாலாவது வயிறு சின்னவனுடையது. அவன் பதினோரு நாளாகக் கூட வேலை செய்கிறவன் அறையில் படுத்துக்கிடக்கிறான். நாலு மணிக்கு முன்னால் வந்து அண்ணனிடம் பேசிவிடு, சாப்பாட்டு நேரத்துக்கு வா, வாயில் சோறு இருந்தால் மனுஷன் கொஞ்சம் தணிவான் என்று அவள்தான் காலையில் ஆள் அனுப்பியிருந்தாள்.

அவள் கத்தியை எடுத்ததும் பெரியவன் எழுந்து வந்தான்.

"குடு. நான் வெட்டுறேன்."

"ஒரு கையாலயா?"

"ஒரு கைதானே இருக்கு."

அவள் கொடுத்தாள். கொடுக்காமல் இருந்திருந்தால் அதற்கும் ஒரு சண்டை வந்திருக்கும்.

கோஸைப் பலகையில் வைத்து, கட்டுப் போட்ட கையின் முழங்கையால் அதன் தலையை அமுக்கிக்கொண்டான். வலது கையால் கத்தியை ஓங்கி இறக்கினான். கோஸ் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி உருண்டு கீழே விழுந்தது. மற்ற பாதியை மறுபடியும் முழங்கையால் அமுக்கினான். நறுக்குகிறவன் மாதிரி இல்லை, யாரையோ வெட்டுகிறவன் மாதிரி இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் மேடையில் இருந்த உப்பு டப்பா எம்பி எம்பிக் குதித்தது. கட்டின் ஓரத்தில் புதிதாக ஈரம் கசிந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

விரல் அகலத்துக்கு வெட்டினால் போதும், ரொம்பப் பொடியாக வேண்டாம் என்று அண்ணி சொன்னாள்.

"விரல் அகலம்னா எந்த விரல்?" என்றான் அவன்.

அவள் குனிந்தாள். கீழே விழுந்த பாதியைக் கழுவி வைத்தாள். வெட்டிய கோஸில் உப்பைத் தூவிப் பிசைந்து, பிழிந்து, தண்ணீரை எடுத்துவிட்டாள். அடுப்பில் எரிகிறது ஒரு பக்கம்தான். இன்னொரு பக்கத்துக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றைப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்திருந்தாள். அதன் மேல் நூடுல்ஸுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பில் கனமான இரும்புச் சட்டி. எண்ணெய் ஊற்றி, வெங்காயத்தைப் போட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரையும் போட்டாள். வெங்காயம் சிவக்கச் சர்க்கரைதான் குறுக்கு வழி.

மணிக்காரர் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டிருந்தார், குளிர்கிற மாதிரி. குளிரவில்லை. பக்கத்தில் வைத்திருந்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. கொஞ்ச நாளாகவே மாமா டீயைப் பாதி கிளாஸ்தான் கேட்கிறார், அதையும் ஆள் போன பிறகுதான் குடிக்கிறார் என்பதை அண்ணி கவனித்திருந்தாள். மகன் கை போன துக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

நூடுல்ஸைக் கொதிக்கிற தண்ணீரில் போடும்போது வாசலில் சத்தம் கேட்டது. சின்னவன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே வரலாமா, அப்படியே ஓடலாமா என்று அவனுக்கே தெரியாத நிலை. முகத்தில் பதினோரு நாள் தாடி.

பெரியவன் நிமிரவில்லை. கத்தி இறங்கிக்கொண்டே இருந்தது.

அண்ணி வெங்காயத்தில் கோஸைக் கொட்டினாள். சட்டி சீறியது.

சின்னவனை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தான். அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். தான் யாரையும் கெஞ்ச வரவில்லை, கேன்டீனில் சொன்னது தப்புத்தான், அதற்கு வேண்டுமானால் அண்ணன் காலில் விழுகிறேன், ஆனால் செய்யாததைச் செய்தேன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று சின்னவன் நிதானமாகத்தான் ஆரம்பித்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பான் போலிருக்கிறது.

"அண்ணே, எனக்கு ரெண்டுதான் கேட்டுது."

பெரியவன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். கட்டுக்கு வெளியே கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டிக்கொண்டிருந்தன.

"எனக்கும் ரெண்டுதான் மிஞ்சியிருக்கு."

"அப்பாவைக் கேளு. நேராக் கேளு. என் முன்னால கேளு."

"நான் ஒண்ணுதான் அடிச்சேன்" என்றார் மணிக்காரர், தரையிடம்.

"பொய்" என்றான் சின்னவன்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பெரியவன் காத்திருந்தான் போல. மேடையில் மிச்சமிருந்த பாதிக் கோஸ் முதலில் பறந்தது. சின்னவனின் வாயில் பட்டு உதடு கிழிந்தது. அவன் எழுவதற்குள் பெரியவன் மேலே விழுந்துவிட்டான். முழங்கையை அவன் கழுத்தில் கொக்கி மாதிரி மாட்டி இழுத்து, மேடைக்குக் கொண்டுவந்து, தலையைப் பலகையின் மேல் அமுக்கினான். சற்று முன்னால் கோஸை அமுக்கிய அதே அமுக்கு. கன்னத்துக்குக் கீழே கோஸ் இலைகள் நசுங்கின.

சங்கிலி தூக்கிய உடம்பு அது. விரல் போனாலும் தோள் போகவில்லை.

"எந்தக் காதுடா?" என்றான். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "ரெண்டு கேட்ட காது எது? இதுவா, அந்தப் பக்கமா?"

கத்தியின் முனை காதுமடலின் அடியைத் தொட்டது. ஒரு துளி ரத்தம் கோஸ் இலையில் சொட்டி, இலையின் நரம்பு வழியாக ஓடியது.

அண்ணி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கைப்பிடியைப் பிடித்திருப்பாள். அலகைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு விடவில்லை. பெரியவன் இழுத்தான். அவள் முகம் மாறவே இல்லை. நாள் முழுக்கக் கொதிக்கிற இரும்போடு கிடக்கிற கை, வலி வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"விடுங்க" என்றாள். "காதை அறுத்தா விரல் முளைக்குமா?"

அந்த நொடியில் சின்னவன் காலால் உதைத்தான். எங்கே உதைக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. உதை ஸ்டவ்வில் பட்டது. கொதிக்கிற பாத்திரம் சாய்ந்தது. தண்ணீர் அவனுடைய இடது முன்கையில் கொட்டியது, நூடுல்ஸ் பட்டைகள் தோலோடு ஒட்டிக்கொண்டன. அவன் போட்ட சத்தம் மனுஷன் சத்தமாக இல்லை. பெரியவன் பின்னால் சாய்ந்து சுவரில் மோதி, பழக்கத்தில் இடது கையை ஊன்றினான். கட்டு ஒரே நொடியில் சிவப்பாகிவிட்டது. அவன் அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

மூன்று பேரும் தரையில் இருந்தார்கள். கிழிந்த துணியை ஆளுக்கொரு துண்டாக அண்ணி எறிந்தாள். சின்னவன் கையை வாளித் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டான். ஸ்டவ் அணைந்திருந்தது. பாத்திரத்தின் அடியில் பாதி நூடுல்ஸ் தப்பியிருந்தது. இரும்புச் சட்டியில் கோஸ் யாரையும் சட்டை செய்யாமல் வெந்துகொண்டிருந்தது. கருகல் வாடை வர ஆரம்பித்தது.

"கோஸ் கருகுது" என்றாள் அண்ணி, உள்ளங்கையைத் துணியோடு இறுக்கிக்கொண்டு. "மாமா, நீங்க வாங்க."

மணிக்காரர் அசையவில்லை. சண்டை நடந்தபோதும் அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. கைகள் அக்குளிலேயே இருந்தன.

"எனக்கு எங்கேம்மா சமைக்கத் தெரியும்?"

"கிண்டத் தெரிஞ்சா போதும். இந்த வீட்ல இப்ப முழுசா ரெண்டு கை இருக்கறது உங்களுக்குத்தான்."

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. எழுந்து வந்தார். வலது கையால் கரண்டியை எடுத்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பாரம் தூக்குகிற மாதிரி இருந்தது. அண்ணி தரையில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுத்தாள். அடியிலிருந்து புரட்டுங்கள். ஓரம் சிவந்தது கருகல் இல்லை, ருசி. இப்போது நூடுல்ஸைப் போடுங்கள். பாத்திரத்தில் மிஞ்சின தண்ணீரில் ஒரு கை அளவு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் தொண்டையை அடைக்கும். மிளகுத்தூளை யோசிக்காமல் போடுங்கள். மிளகுதான் இதற்கு உயிர்.

ஒவ்வொன்றாகச் செய்தார். மிளகுத்தூள் பாதி சட்டியிலும் பாதி மேடையிலும் விழுந்தது.

"போதும். ஓரத்துல அடிச்சு உதறிட்டு கரண்டியை வைங்க."

கரண்டியில் கோஸ் ஒட்டியிருந்தது. அதை உதிர்க்க, மணிக்கட்டைப் பிடித்திருந்த இடது கையை எடுத்துவிட்டு, சட்டியின் ஓரத்தில் ஒரு அடி அடித்தார்.

இரும்பு இரண்டு தடவை கேட்டது.

முதல் அடி பலமாக. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொன்று, சின்னதாக, ஆனால் தெளிவாக.

வாளி ஓரத்தில் கிடந்த சின்னவனின் வலது கை தானாக எழுந்தது. விரல்கள் மடங்கி, அங்கே இல்லாத ஒரு நெம்புகோலைப் பிடித்து, மெல்லத் தன் பக்கம் இழுத்தன. அவன் கண்ணை மூடியிருந்தான். தான் என்ன செய்தோம் என்றே அவனுக்குத் தெரியாது.

பெரியவன் அதைப் பார்த்தான். கையையும் பார்த்தான், சட்டியையும் பார்த்தான்.

"அப்பா. இன்னொரு தடவை அடிங்க."

"எதுக்கு?"

"அடிங்கப்பா. ஒண்ணே ஒண்ணு."

மணிக்காரர் கரண்டியைப் பார்த்தார். பிறகு அடித்தார். இந்த முறை அடக்கப் பார்த்தார். அடக்கப் பார்த்ததால்தான் நடுக்கம் அதிகமானது. இரண்டு. சின்னவன் கண்ணைத் திறந்துவிட்டான்.

கரண்டி மேடையில் விழுந்தது. மணிக்காரர் கைகளை மறுபடி அக்குளுக்குள் செருகிக்கொண்டார். எவ்வளவு நாளாக இப்படி என்று அண்ணி கேட்டாள். ஒரு வருஷத்துக்கு மேலாக என்றார். சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள், அதனால் சொல்லவில்லை. மேலே உட்கார்ந்திருப்பது தன் பிள்ளை. அவனுக்குப் பழகிப்போயிருக்கும், நடுக்கத்தில் விழுகிற இரண்டு எது, நிஜமான இரண்டு எது என்று பிரித்துக்கொள்வான் என்று இருந்துவிட்டார். ஒரு வருஷம் பிரித்துக்கொண்டுதான் இருந்தான், அவனுக்கே தெரியாமல். அன்றைக்கு மெஷின் சத்தத்தில் பிரியவில்லை.

"அன்னைக்கு ரெண்டா விழுந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்றான் பெரியவன்.

"தெரியும்."

"எப்ப தெரிஞ்சுது?"

"அடிச்ச உடனே."

சின்னவன் எழுந்தான். அவன் எழுந்த விதத்தைப் பார்த்து அண்ணி, தம்பி, வேண்டாம் என்றாள். அவன் காதில் விழவில்லை. வெந்த கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்து வந்து, அப்பாவின் வலது கையை அக்குளிலிருந்து பிடுங்கி எடுத்தான். கிழவர் எதிர்க்கவில்லை. அந்தக் கையை விரித்து, எரிகிற அடுப்பின் மேல், சட்டிக்கு ஒரு சாண் உயரத்தில் கொண்டுபோனான். பதினோரு நாள் அவன் தன் காதையே சந்தேகப்பட்டிருந்தான். ராத்திரியெல்லாம் ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பார்த்திருந்தான். தான்தான் அண்ணன் கையைத் தின்றேனோ என்று ஒரு தடவை குதித்துவிடலாம் என்று கூண்டின் விளிம்பு வரைக்கும் போய் நின்றிருந்தான்.

"இந்தக் கைதானே" என்றான்.

கையைக் கீழே இறக்கினான். ஆவி பட்டு மணிக்காரரின் உள்ளங்கை சிவந்தது. காய்ந்த இரும்புக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருந்தது. ஒரு விரல் இடம்.

பெரியவன் தரையில் கிடந்த கத்தியை எடுத்து, எம்பி எழுந்து, அதன் கைப்பிடியால் சட்டியின் ஓரத்தில் அடித்தான்.

ஒரு அடி.

சுத்தமான, ஒற்றை அடி. அது அறை முழுக்க நின்று அடங்கியது.

சின்னவனின் கை நின்றது. அவன் நிறுத்தவில்லை, கைதான் நின்றது. எட்டு வருஷப் பழக்கம். பிடி தளர்ந்தது. மணிக்காரர் கையை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டார். பெரியவன் மறுபடி சுவரில் சரிந்தான், சின்னவன் அப்படியே அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் முகத்தை வைத்தான். பெரியவன் அவனைத் தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொள் என்று மட்டும் சொன்னான்.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது.

குமாஸ்தா ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். உள்ளே காலை வைத்தவர் தரையைப் பார்த்து அங்கேயே நின்றார். என்ன ரத்தம் இது என்று கேட்டார்.

"கோஸ் வெட்டுனோம்" என்றாள் அண்ணி.

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். சின்னவனின் காதையும் கையையும் பார்த்தார். பெரியவனின் கட்டைப் பார்த்தார்.

"மூணு பேருமேவா வெட்டினீங்க?"

"பெரிய கோஸ்" என்றாள்.

சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று பெரியவன் சொன்னான். அண்ணி இடது கையால் ஐந்து பீங்கான் பூச்சுத் தட்டுகளை எடுத்து ஐந்திலும் வைத்தாள். கருகின ஓரமும், சிவந்த வெங்காயமும், மிளகும் சேர்ந்து வாசனை நன்றாகத்தான் இருந்தது. குமாஸ்தாவுக்குப் பசி. மடியில் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டே இரண்டு வாய் சாப்பிட்டார். உப்பு சரியாக இருக்கிறது என்றார். கேன்டீனில் கேட்டவர்கள் சொன்னதை வைத்து முக்கால்வாசி எழுதியாகிவிட்டது, குற்றம் செய்தவர் என்ற இடத்தில் தம்பியின் பேரையும் எழுதியாகிவிட்டது, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்றார்.

பெரியவன் காகிதத்தை வாங்கவில்லை.

"அந்தப் பேரை எடுத்துருங்க."

சின்னவன் தலை நிமிர்ந்தான்.

"எடுத்துட்டு?" என்றார் குமாஸ்தா. "இந்த இடத்தைக் காலியா விட்டா மேல வாங்க மாட்டாங்க. உங்க தம்பி இல்லைன்னா வேற யாரு?"

மணிக்காரர் சுவரோரம் ஸ்டூலில், மடியில் தட்டோடு இருந்தார். கையில் ஸ்பூன். அதை வாய்க்குக் கொண்டுபோகவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அது தட்டின் விளிம்பில் இரண்டிரண்டாக அடித்துக்கொண்டே இருந்தது. அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது, குமாஸ்தாவைத் தவிர. அவர் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு, பெரியவனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.